நான்காவது வாரம்

கண்ணு,

உங்கள் கப்பல் கல்லூரியின் பிரின்சிபாலுக்கு நான்கே வரியில் ஒரு கடிதம் எழுதித் தரச் சொன்னாய். "அம்மாவுக்கு ஒடம்பு முடியலன்னு போடும்மா, அப்பதான் கேள்வி கேக்காம வுடுவாங்க" என்றாய். ஞாயிற்றுக்கிழமை மதியம் சொன்னது. இன்று வியாழன். தினமும் காலையில் ரயிலுக்குக் கிளம்பும் முன் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்கிறேன். 'மதிப்பிற்குரிய ஐயா' வரைக்கும் வருகிறது. அதற்கு மேல் கை போகவில்லை. அந்த நான்கு வரிக்குப் பதிலாக இதுதான் வந்துகொண்டிருக்கிறது. சனிக்கிழமை உங்கள் வகுப்பின் பெயர்களையெல்லாம் பதிவுக்கு அனுப்பிவிடுவார்கள், அதற்குள் வெளியே வந்துவிட்டால் இங்கே ஏதாவது ஒரு கல்லூரியில் இடம் கிடைக்கும், விட்டால் ஒரு வருடம் போய்விடும் என்று நீ சொன்னதை மறக்கவில்லை. அதனால்தான் தபாலை நம்பாமல் மாமா கையில் கொடுத்தனுப்புகிறேன். நாளை உனக்குக் கிடைத்துவிடும். நீளமாக இருக்கும். உட்கார்ந்து படிக்க அங்கே நேரம் தருவார்களா தெரியாது. குளியலறையில் நின்றுகொண்டாவது படித்துவிடு.

உன்னைக் கொண்டுவந்து விட்ட அன்று நடந்த ஒன்றை உனக்கு இன்னும் சொல்லவில்லை. பெற்றோர்களையெல்லாம் ஒரு பெரிய கூடத்தில் உட்கார வைத்துவிட்டு உங்களை முடிவெட்ட அழைத்துப்போனார்கள். இரண்டு மணி நேரம் ஆயிற்று. பிறகு மைதானத்தின் அந்தக் கோடியில் வெள்ளை டி-ஷர்ட்டும் ஏறக்குறைய மொட்டையான தலையுமாக உங்களை வரிசையாக நடத்திக்கொண்டு போனார்கள். இங்கிருந்தே கையசைக்கலாம், கிட்டே போகக் கூடாது என்றார்கள். மூன்றாவது வரிசையில் உன் தோள், உன் நடை. நான் எழுந்து நின்று கையை ஆட்டினேன். அந்தப் பையனும் பார்த்துவிட்டான். வரிசையை நடத்திய சார் அந்தப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து, இடுப்புக்கு அருகே விரல்களை மட்டும் அசைத்தான். நான் இன்னும் வேகமாக ஆட்டினேன். மாமா என் முழங்கையைப் பிடித்து இழுத்தான். "அக்கா, கைய எறக்கு. அது யாரோ பெத்த புள்ள. நம்மாளு அதோ, கடைசியில, செவுத்தப் பாத்துக்கினு போறான் பாரு." நீ எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. பதினெட்டு வருடமாகப் பார்த்த தலை, முடியை எடுத்ததும் எனக்கு அடையாளம் தெரியாமல் போயிற்று. திண்டிவனம் வந்து சேரும்வரை பஸ்ஸில் மாமா அதையே சொல்லிச் சிரித்தான். "லீவுல வந்தா வாசல்ல நிக்க வெச்சி ஆதார் கார்டு கேப்பியா?" நானும் சிரித்தேன். இறங்கும்போதுதான் தோன்றியது, அந்தப் பையனுக்குக் கையசைக்க யாரும் வரவில்லையோ என்று. அதனால்தான் முன்பின் தெரியாத எனக்கு அசைத்தானோ என்னவோ.

நீ கடலுக்குப் போகிறேன் என்று சொன்ன நாளிலிருந்தே நான் கடல் பயணம் பற்றிய புத்தகங்களைத் தேடித் தேடிப் படித்தேன். உனக்குத் தெரியும், எனக்கு எதையும் படித்துத்தான் பயத்தைப் போக்கத் தெரியும். வேலை பார்ப்பதும் நூலகத்தில். விழுப்புரத்துப் பள்ளிக்கூடத்தில் என் மேசைக்குப் பின்னால் இருக்கும் அலமாரியிலேயே பத்துப் பன்னிரண்டு இருந்தன. புயல், திமிங்கிலம், பனிக்கட்டி, உப்புக்கறி எல்லாம் வந்தன. அம்மா மட்டும் எதிலும் வரவில்லை. வந்தாலும் முதல் பக்கத்தில் துறைமுகத்தில் நிற்கிறாள், கைக்குட்டையை எடுக்கிறாள், கப்பல் நகர்ந்ததும் அவளை அங்கேயே விட்டுவிட்டுக் கதை போய்விடுகிறது. அவள் வீட்டுக்குத் திரும்பி வந்து என்ன செய்தாள் என்று ஒருவரும் எழுதவில்லை. நான் எழுதுகிறேன் என்று வைத்துக்கொள். பெரிதாக ஒன்றுமில்லை. அவள் அரிசி களைகிறாள். இரண்டு ஆழாக்கு போட்டுவிட்டு, ஒன்றைத் திரும்ப அள்ளி டப்பாவில் கொட்டுகிறாள், ஈர அரிசியை.

உன் அப்பா இறந்தபோது உனக்கு ஆறு வயது. அப்போதும் வீடு காலியாகத்தான் இருந்தது. ஆனால் அப்போது உனக்குப் பல் தேய்த்துவிட வேண்டும், வாய்ப்பாடு கேட்க வேண்டும், சட்டைக்குப் பொத்தான் வைக்க வேண்டும். அழக்கூட முறை வைத்துத்தான் அழ முடிந்தது. இப்போது நேரம் நிறைய இருக்கிறது. காலையில் திண்டிவனம் ஸ்டேஷன், மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம், விழுப்புரம். மாலையில் அதையே திருப்பிப்போட்டால் வீடு. வெள்ளிக்கிழமை மாலை பள்ளியில் யாரிடமாவது "சரிங்க டீச்சர், போய்ட்டு வர்றேன்" என்று சொன்னால், அதற்குப் பிறகு திங்கள் காலைவரை என் குரல் எனக்கே தேவைப்படுவதில்லை. போன சனிக்கிழமை சிலிண்டர் போட வந்தவரிடம் ரெகுலேட்டரில் வாசனை வருகிறதா என்று இரண்டு முறை பார்க்கச் சொன்னேன். அது நன்றாகத்தான் இருந்தது. அவர் இன்னும் ஐந்து நிமிடம் நிற்கட்டும் என்றுதான் கேட்டேன். இதையெல்லாம் நான் யாரிடமும் சொல்கிறவள் இல்லை. "பையன் எப்படி இருக்கான்?" என்று கேட்கிறவர்களிடம் "நல்லா இருக்கான்" என்பதோடு சரி. உன்னிடம் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. வருகிறேன்.

முதல் ஞாயிறு போனில் நீ என்னிடம் "யெஸ் மேடம்" என்றாய், நினைவிருக்கிறதா? சாப்பிட்டாயா என்று கேட்டதற்கு. பிறகு நீயே சிரித்துவிட்டாய். ஐந்து மணிக்கு எழுப்பிவிடுகிறார்கள், அறையை விட்டு வெளியே எங்கே போனாலும் வரிசையில்தான், நடக்கக் கூடாது, ஓட வேண்டும், போர்வையைச் செங்கல் மாதிரி மடிக்க வேண்டும் என்று மூச்சுவிடாமல் சொன்னாய். உன் அறையில் இருக்கும் வடநாட்டுப் பையனைப் பற்றிச் சொன்னாய். "ரெண்டு பேருக்கும் பொதுவா ஒரு முப்பது வார்த்த இருக்கும்மா. அதுல பத்து 'ஓகே'" என்றாய். நான் நன்றாகச் சிரித்தேன். போனை வைத்த பிறகும் சிரித்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது ஞாயிறு நீ அவ்வளவு பேசவில்லை. வீட்டில் என்ன சமையல் என்று கேட்டாய். நான் தயிர்சாதம் சாப்பிட்டிருந்தேன். "ஒண்ணும் பண்ணலடா, யாருக்குப் பண்றது, வூடே வெறிச்சுனு கெடக்குது" என்றேன். சொன்ன உடனே நாக்கைக் கடித்துக்கொண்டேன். பின்னால் விசில் சத்தம் கேட்டது. "வைக்கிறேன்மா" என்றாய்.

மூன்றாவது ஞாயிறுதான் அது. உன் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது. யாராவது அடிக்கிறார்களா என்று கேட்டேன். இல்லை என்றாய். திட்டுகிறார்களா? "திட்றாங்க, அது எல்லாருக்கும்தாம்மா. அது இல்ல. இங்க நான் நம்பர் பதினேழு. பேரே யாரும் கூப்புடல. நான் ஒருத்தன் இல்லன்னா காலையில எண்றப்பதான் தெரியும், அப்பறம் வேற ஆளப் போட்டு எண்ணிடுவாங்க." பிறகு கேட்டாய். "வந்துடட்டுமாம்மா?" உன்னை அந்த வார்த்தையை முடிக்கக்கூட விடவில்லை நான். "வா" என்றேன். ஏன், எதற்கு, இரண்டு நாள் யோசி, ஒன்றும் கேட்கவில்லை. "வாடா கண்ணு, கெளம்பி வந்துடு" என்றேன். உடனே நீ கடிதத்தைப் பற்றிச் சொன்னாய். நானும் சரி என்றேன்.

அதற்குப் பிறகு நான் செய்ததைத்தான் நீ தெரிந்துகொள்ள வேண்டும். உன் தலையணைக்கு உறை மாற்றினேன். உன் மேசை மேல் நான் அடுக்கி வைத்திருந்த என் புத்தகங்களை எடுத்து மறுபடியும் தரையில் வைத்தேன். ஞாயிறு மாலை மரக்காணத்திலிருந்து மீன் வரும் இடத்துக்குப் போய் அரைக் கிலோ சங்கரா வாங்கினேன், நீ அன்றே வந்துவிடப்போவது போல. பிரம்மதேசத்தில் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் மாமா அந்த நேரம் பார்த்து ஒரு பை மல்லாட்டையோடு படியேறி வந்தான். நான் குழாயடியில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டே நடந்ததையெல்லாம் அவனிடம் சொன்னேன். அவன் படியிலேயே உட்கார்ந்து ஒரு மல்லாட்டையை உடைத்துக் கடலையை வாயில் போட்டுக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏன்க்கா, புள்ள அழுதுக்கினு பேசனான்னு சொல்ற."

"ஆமாண்டா. பாவம், கொரலே இல்ல அவனுக்கு."

"நீ இன்னாடான்னா சிரிச்சிக்கினு மீன் ஆயற?"

"யார்ரா சிரிக்கிறா?"

"நீதான். போய்க் கண்ணாடியப் பாரு. மூணு வாரமா பேய் அடிச்ச மாதிரி இருந்த. இன்னிக்கி என்னுமோ ஒனக்குக் கல்யாணங்கிற மாதிரி இருக்குது மூஞ்சி."

"போடா, வேலையப் பாத்துக்கினு."

"போறேன், போறேன். ரெண்டு மீன் போட்டுத் தா, போறேன்."

அவன் விளையாட்டாகத்தான் சொன்னான். சாப்பிட்டுவிட்டு, குழம்பில் உப்பு குறைவு என்றும் சொல்லிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கிளம்பிவிட்டான். நான் கண்ணாடியைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டியிருக்கவில்லை. அந்த முகத்தை நான் ஏற்கெனவே ஒரு முறை பார்த்திருக்கிறேன், என் அப்பாவிடம். அந்தக் கதையை உனக்கு நான் பாதிதான் சொல்லி வைத்திருக்கிறேன். 'அம்மா காலேஜ் சேர்ந்தேன், ஒத்துவரல, வந்துட்டேன்' என்று. அது பொய்யில்லை, முழு உண்மையும் இல்லை.

எனக்கு அப்போது உன் வயதுதான். விழுப்புரத்தில் வரலாறு படிக்கச் சேர்ந்தேன். ஊரிலிருந்து தினமும் போய்வர பஸ் சரிப்படாது என்பதால் விடுதி. ரயில் நிலையத்துக்குப் பக்கம். அறையில் இருந்தபடியே அறிவிப்புகள் எல்லாம் கேட்கும். திண்டிவனம் வழியாகச் செல்லும் வண்டி எத்தனையாவது நடைமேடையில் வரும் என்று ஒரு பெண் குரல் ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்லும் தெரியுமா? நான் அந்தக் குரலை வெறுத்தேன். முப்பத்தைந்து நாற்பது கிலோமீட்டர்தான். ஆனாலும் வேறு நாடு மாதிரி இருந்தது. மெஸ்ஸில் யாருக்கு அருகில் தட்டை வைப்பது என்று தெரியாமல், எல்லாரும் சாப்பிட்டு முடிக்கும்வரை துணி துவைப்பதுபோல் பாவனை செய்துவிட்டுக் கடைசியில் போவேன். வீட்டுக்கு ஒரு கார்டு எழுதினேன். எல்லாம் நன்றாக இருக்கிறது என்று எழுதி, கடைசியில் இடம் மிச்சமிருந்ததால், சாப்பாடு மட்டும் பிடிக்கவில்லை என்று ஒரு வரி சேர்த்தேன். மூன்றாவது வாரம் முடிகிற அன்று அப்பா வந்து விடுதி வார்டன் முன்னால் நின்றார். கையில் யாரோ எழுதிக்கொடுத்த ஒரு தாள். என் அம்மாவுக்கு மேலுக்கு முடியவில்லை, பெண்ணை உடனே அனுப்ப வேண்டும் என்று இருந்தது. நான் பயந்துகொண்டே பெட்டியைக் கட்டினேன். பஸ்ஸில் "அம்மாவுக்கு என்னப்பா?" என்று எத்தனை முறை கேட்டும் "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்றார். கூட்டேரிப்பட்டில் பஸ் நின்றபோது இறங்கிப்போய் எனக்கு முறுக்கு வாங்கிவந்தார். மனைவி படுத்த படுக்கையாக இருக்கும் மனிதர் முறுக்கு வாங்குகிறாரே என்று எனக்கு அப்போதே ஏதோ இடித்தது.

ஊருக்குப் போனால் என் அம்மா கழனியில் மல்லாட்டை பிடுங்கிக்கொண்டிருக்கிறாள். முழங்கை வரை மண். என்னைப் பார்த்து நிமிர்ந்தாள்.

"இன்னாடி, லீவு வுட்டாங்களா?"

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் வரப்பைப் பார்த்தார். "சாப்பாடு புடிக்கலன்னு எழுதியிருந்துச்சே" என்றார்.

"சாப்பாடு புடிக்கலன்னா ஊறுகா குடுத்து அனுப்பறதா, ஆளக் கூட்டியாறதா?"

"வூடு வெறிச்சுனு கெடக்குது. என்ன இன்னா பண்ணச் சொல்ற?"

அம்மா அவரைத் திட்டித் தீர்த்தாள். ரெண்டு நாளில் ஜல்தியாகக் கொண்டுபோய் விட்டுவிட்டு வா என்றாள். அவரும் சரி என்றார். அவர் முகம் மட்டும் பளபளவென்று இருந்தது. அந்த இரண்டு நாள் ஒரு வாரமாயிற்று. பிறகு அறுவடை, பிறகு மழை, பிறகு வருகைப்பதிவு குறைந்துவிட்டது என்று கல்லூரியிலிருந்து கடிதம். யாரும் என்னைப் போகாதே என்று தடுக்கவில்லை. நானும் போகிறேன் என்று சொல்லவில்லை. எனக்கும் வீட்டில் இருப்பது சுகமாகத்தான் இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். அடுத்த வருடம் கல்யாணம். அதற்கடுத்து நீ.

இதைப் படித்துவிட்டு என் வாழ்க்கை பாழாகிவிட்டது என்று நீ நினைத்துக்கொள்ளாதே. அப்படியில்லை. நீ கைக்குழந்தையாக இருக்கும்போதே தபால் வழியில் பட்டம் வாங்கினேன், பிறகு நூலகப் படிப்பு, பிறகு அதே விழுப்புரத்தில் வேலை. அந்த விடுதியைத் தாண்டித்தான் தினமும் நடக்கிறேன். என் அப்பாவைக் கோபித்துக்கொள்ளவும் எனக்கு வரவில்லை. என் குறை ஒன்றே ஒன்றுதான். நான்காவது வாரம் எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியாமலே போய்விட்டது. முதல் மூன்று வாரத்தைவிட மோசமாக இருந்திருக்கலாம். நானே பெட்டியைக் கட்டிக்கொண்டு, யாரும் அழைக்காமல், திண்டிவனம் வண்டி ஏறியிருக்கலாம். அப்படி வந்திருந்தால் அது நான் வந்தது. இது நான் வந்ததாக இல்லை. என்னை எடுத்துக்கொண்டு வந்தது.

இந்த ஞாயிறு நான் செய்ததும் அதுதான். நீ கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை, என் வீட்டின் வெறுமைக்குப் பதில் சொன்னேன். இன்னொன்று அதைவிட என்னை உறுத்துகிறது. நீ கேட்டதே என்னால்தானோ? இரண்டாவது ஞாயிறு நான் சொன்ன அந்த ஒரு வாக்கியம் உனக்குள் ஒரு வாரம் கிடந்து இப்படி ஆயிற்றோ? உன்னை எனக்குத் தெரியும். ஏழாம் வகுப்பில் மண்டகப்பட்டுக் குகைக்கோயிலுக்கு ஒரு சனிக்கிழமை உங்களைப் பள்ளியில் அழைத்துப் போனார்கள். கையெழுத்துக்காக ஒரு சீட்டு கொண்டுவந்தாய். வெயில் அதிகம் என்றேன். உண்மையில் எனக்குச் சனிக்கிழமை விடுமுறை, வாரம் முழுவதும் அதற்காகக் காத்திருந்தேன், நீ இல்லாத சனிக்கிழமையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது என்று இருந்தது. நீ என் முகத்தை ஒரு தரம் பார்த்தாய். சீட்டை மடித்துப் பைக்குள் போட்டாய். "எனக்கும் போகப் புடிக்கலம்மா, வெறும் குகதானே" என்றாய். அடுத்த வாரம் உன் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு படம் பார்த்தேன். பாறை, அதில் வாசல், இரண்டு பக்கமும் காவலுக்கு நிற்கும் ஆட்கள். போய்வந்த யாரோ சொல்லக் கேட்டு வரைந்திருக்கிறாய். தூண் ஆறு போட்டிருந்தாய். அங்கே அவ்வளவு கிடையாது. பார்க்காததுபோல் நோட்டை மூடி வைத்தேன். பிறகு ஒரு நாள் கூட்டிப்போகலாம் என்று நினைத்து, நினைத்து, ஒரு மணி நேரத்தில் போகிற இடத்துக்கு இன்றுவரை உன்னைக் கூட்டிப்போகவில்லை. அன்றைக்கு வேண்டாம் என்று சொன்னது நீதான் என்று நான் என்னையே நம்பவைத்துக்கொண்டேன். பன்னிரண்டு வயதுப் பிள்ளை அம்மாவின் முகத்தைப் பார்த்துத் தன் ஆசையை மடித்து வைக்கக் கற்றுக்கொண்டிருக்கிறான் என்றால், அதைக் கற்றுக்கொடுத்தது யார்?

அதனால்தான் நீ கப்பல் படிப்புக்கு விண்ணப்பம் போட்டபோது எனக்கு உள்ளூர ஆச்சரியமாக இருந்தது. நீ என் முகத்தைப் பார்க்காமல் கேட்ட முதல் பொருள் அதுதான். நேர்முகத்தில் ஏன் கடல் என்று கேட்டார்களே, "எங்க ஊர்ல இல்ல சார்" என்று நீ சொல்லி அந்த மூன்று பெரிய மனிதர்களும் சிரித்தார்கள் என்று வந்து சொன்னாய். அன்றைக்கு உன் முகம் எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அந்த ஆசை இன்னும் இருக்கிறதா, மூன்று வாரத்தில் கரைந்துவிட்டதா என்பது இங்கே உட்கார்ந்திருக்கும் எனக்குத் தெரியாது. கரைந்துவிட்டது என்றால் வெட்கப்பட ஒன்றுமில்லை. யாராவது உன் மேல் கை வைத்தாலோ, உன்னைத் தரக்குறைவாக நடத்தினாலோ சனிக்கிழமைவரைகூட இருக்க வேண்டாம், அந்த நிமிடமே கிளம்பு, நான் வந்து நிற்கிறேன். ஆனால் தனியாக இருக்கிறது என்பதற்காக மட்டும் என்றால், ஒன்று சொல்கிறேன். அங்கே தனியாக இருப்பதால் அது உனக்கான இடமில்லை என்று நினைத்துவிடாதே. நான் பதினோரு வருடமாகக் குடியிருக்கும் வீட்டில், என் அடுப்புக்கு முன்னால், எல்லாப் பாத்திரமும் எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடிய இடத்தில் நிற்கிறேன். இங்கேயும் அது இருக்கிறது. இடத்தை மாற்றினால் அது போய்விடும் என்றால் எனக்கு இங்கே அது வந்திருக்கவே கூடாது.

இன்னொரு சின்ன விஷயம். உன் அறைப் பையனின் பெயரை நீ எனக்கு இதுவரை சொல்லவில்லை. மூன்று ஞாயிறும் 'அந்தப் பையன்' என்றுதான் சொன்னாய். உன்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை என்று வருத்தப்பட்டாயே, அதனால் கேட்கிறேன். முப்பது வார்த்தையில் ஒன்று அவன் பெயராக இருக்கலாம். இது புத்திமதி இல்லை. மெஸ்ஸுக்குப் பயந்து மூன்று வாரம் துணி துவைப்பதுபோல் நடித்த ஒருத்தி, அன்று தான் செய்திருக்கலாம் என்று பின்னால் நினைத்துக்கொண்டது.

இந்தக் கடிதத்தோடு இன்னொரு தாளும் இருக்கிறது. பிரின்சிபாலுக்கு. நீ கேட்டபடி நான்கு வரிதான், ஆனால் நீ சொன்ன காரணம் அதில் இல்லை. இந்தக் கடிதத்தைத் தொடங்கிய பிறகு, இன்று மாலை ரயிலில் பேரணிக்கும் மயிலத்துக்கும் நடுவே ஒருவழியாக எழுதி முடித்தேன். என் மகன் படிப்பை விட்டு வர விரும்பினால் அதற்கு எனக்குச் சம்மதம், இது அவனுடைய முடிவு, வீட்டில் வேறு காரணம் எதுவும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். எனக்கு உடம்பு நன்றாக இருக்கிறது, கண்ணு. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஒரு தும்மல்கூட இல்லை. நீ கேள்விக்குப் பயந்து அந்தக் காரணத்தைக் கேட்டாய். கேள்வி கேட்டால் கேட்கட்டும். 'எனக்குப் பிடிக்கவில்லை, போகிறேன்' என்று உன்னால் நேராக நின்று சொல்ல முடிந்தால் தாராளமாக வா. அதைச் சொல்ல வாய் வரவில்லை என்றால், ஏன் வரவில்லை என்று ஒரு தரம் யோசித்துப் பார்.

மாமா நாளை மதியம் வந்து இதை வாசலில் கொடுத்துவிட்டு, எதிரே இருக்கும் டீக்கடையில் மாலை ஆறு மணிவரை உட்கார்ந்திருப்பான். நீ பெட்டியோடு வெளியே வந்தால் கூட்டிக்கொண்டு வருவான். வராவிட்டால் ஆறு மணிக்குப் பஸ் ஏறிவிடுவான். இரண்டில் எதுவானாலும் ஏன் என்று உன்னைக் கேட்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். "நான் ஏன் கேக்கறேன்? பக்கத்து சீட்டுல ரெண்டு மணி நேரம் உக்காந்துக்கினு வந்தா அவனே சொல்லிடுவான்" என்கிறான். நீ வந்தால் அவனுக்கு ஜன்னல் சீட்டைக் கொடுத்துவிட்டுத் தூங்குவதுபோல் இரு, அதுதான் ஒரே வழி.

நான் வரவில்லை. வந்தால் நீ என் முகத்தைப் பார்ப்பாய். நாளை மாலை முழுவதும் போன் செய்யவும் மாட்டேன். மாமாவையும் பஸ் ஏறிய பிறகு என்னைக் கூப்பிட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், படியில் எத்தனை பேர் ஏறி வருகிறார்கள் என்று நானே பார்த்துக்கொள்கிறேன். ஒரு ஆள்தான் ஏறி வருகிறான் என்றால் எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும், இல்லை என்று சொன்னால் நீ நம்பமாட்டாய். அந்தக் கஷ்டத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். அது உன் வேலை இல்லை. இத்தனை வருடம் உன் வேலையாக இருந்துவிட்டது. போதும்.

அம்மா